கெட்டிமேளம் யாரைப் பார்த்து வாசிக்கணும்?

ஓம் சரவணபவ.

போன வாரம் என் சித்தப்பா பையன் போன் பண்ணான். தை மாசம் அவனுக்குக் கல்யாணம். பூந்தமல்லி பக்கத்துல மண்டபம் புக் பண்ணியாச்சு. "அண்ணா, மேள செட்டுக்கு ரொம்ப கேக்குறாங்க. மண்டபத்துலயே நல்ல ஸ்பீக்கர் இருக்கு. பென் டிரைவ்ல நாதஸ்வரம் போட்டுக்கிட்டா போதாதா? யாரு கவனிக்கப் போறாங்க?" அப்படின்னான்.

இதை அவன் வேற யார்கிட்டயாவது கேட்டிருந்தா "சரி"ன்னு சொல்லியிருப்பாங்க. என்கிட்ட கேட்டுட்டான். நான் வார நாள்ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்க்கிறேன். முகூர்த்த நாள் சனி ஞாயிறுல வந்தா ரெண்டாவது தவில் வாசிக்கப் போறேன். நாலு வருஷமா இப்படித்தான் ஓடுது. போன்ல அஞ்சு நிமிஷத்துல அவனுக்குப் பதில் சொல்ல முடியல. அதனால இங்க விவரமா எழுதுறேன். வீட்டு விசேஷத்துக்கு மேளம் வைக்கிறவங்களுக்கும், என்னை மாதிரி புதுசா வாசிக்கப் போற தம்பிகளுக்கும் உதவும்னு நினைக்கிறேன்.

முதல்ல, மேள செட்டுன்னா என்ன? வழக்கமா ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதி. அந்தக் காலத்துல சுருதிக்கு ஒத்துன்னு தனியா ஒரு குழல் இருந்தது. பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனா விரல் வச்சு வாசிக்கிற துளை கிடையாது. ஒரே சுரத்தை விடாம ஊதிக்கிட்டே இருக்கணும். இப்ப அந்த இடத்துல சுருதிப் பெட்டி வந்துடுச்சு. செலவைக் குறைக்கணும்னா ஒரு நாதஸ்வரம், ஒரு தவில்னு சின்ன செட்டும் உண்டு. சின்ன வீட்டு விசேஷத்துக்கு அது தாராளமா போதும். காதுகுத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டு, உக்கார வைக்க இடம் இல்லாம வாசல்ல நிக்க வைக்கிறதை விட ரெண்டு பேரை மரியாதையா உள்ள உக்கார வைக்கிறது மேல்.

நாதஸ்வரத்தோட உடம்பு ஆச்சா மரம். அதுவும் புது மரம் ஆகாது, பழைய வீட்டு உத்தரத்துலேருந்து எடுத்த, நல்லா காஞ்ச மரமாத் தேடுவாங்க. கும்பகோணம் மயிலாடுதுறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நரசிங்கம்பேட்டையில தலைமுறை தலைமுறையா இதைக் கடையிறாங்க. 2022-ல அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. கீழ விரிஞ்சிருக்கிற பாகத்துக்கு அணசுன்னு பேரு. மேல வாயில வச்சு ஊதுறது சீவாளி. நாணல் மாதிரி ஒரு தட்டையில செய்யறது. பார்த்தா விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், ஆனா மொத்த சத்தமும் அதுலேருந்துதான் பிறக்குது. வித்வான்கள் நாலஞ்சு சீவாளியைக் கயிறுல கோத்து வாத்தியத்துலயே தொங்க விட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அழகுக்காகன்னு நான் சின்ன வயசுல நினைச்சேன். அது ஸ்பேர்! சீவாளி காஞ்சாலும் பேசாது, ரொம்ப நனைஞ்சாலும் பேசாது. இப்ப எல்லா மண்டபமும் ஏசி. மேளக்காரரை நேரா ஏசி காத்துக்கு எதிர்ல உக்கார வச்சுட்டு, "என்னங்க சுருதி சேரல"ன்னு கேட்டா அவர் என்ன செய்வார்?

தவில் பலா மரம். வலது பக்கம் வலந்தலை, இடது பக்கம் தொப்பி. வலந்தலையைக் கையால வாசிக்கணும், விரல்ல கூடு மாட்டியிருக்கும். துணியும் பசையும் சுத்திக் காய வச்சது, கல்லு மாதிரி இருக்கும். தொப்பிக்குப் பூவரசங் கழி. முன்ன தோல் வாரை இழுத்துக் கட்டுவாங்க. இப்ப இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் போட்டு முறுக்குறாங்க. சத்தம் நல்லா எழும்புது, ஆனா கனம் கூடிடுச்சு. மாப்பிள்ளை அழைப்புல கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் அதைத் தோள்ல தொங்கவிட்டு நின்னுக்கிட்டே வாசிக்கணும். முதல் தடவை எனக்குத் தோள்பட்டையில வார் பதிஞ்ச தடம் மூணு நாள் இருந்தது.

இனிமேதான் விஷயத்துக்கு வர்றேன். வீட்டு விசேஷத்துல மேளம் வாசிக்கிறது கச்சேரி இல்லை. கச்சேரியில வித்வான் ராகத்தோட போக்குல போவார். முகூர்த்தத்துல அவர் சடங்கோட போக்குல போகணும். ஐயர் சங்கல்பம் சொல்றப்ப சத்தத்தைத் தாழ்த்தணும், இல்லைன்னா பொண்ணோட அப்பாவுக்கு மந்திரம் காதுல விழாது. பொண்ணு மணவறைக்கு நடந்து வர்றப்ப எடுப்பா வாசிக்கணும். அவ கூரைப்புடவை மாத்தப் போயிட்டு வர லேட் ஆச்சுன்னா, அந்த இருபது நிமிஷத்தையும் ஒரு ராகத்தை விரிச்சு நிரப்பணும். மாலை மாத்துறப்ப, ஐயர் கை காட்டுற இடத்துல எல்லாம் சின்னதா ஒரு கெட்டி. கடைசியா தாலி. அப்ப எந்தக் கீர்த்தனையோட எந்த அடியில இருந்தாலும் சரி, அப்படியே விட்டுட்டு எல்லாரும் ஒரே மூச்சுல பொழியணும். மூணு முடிச்சும் விழுற வரைக்கும் நிறுத்தக்கூடாது. அந்த நேரத்துல யாராவது தும்மினாலும், யாராவது ஒரு வேண்டாத வார்த்தை சொன்னாலும், தம்பதி காதுல விழக்கூடாதுன்னு பெரியவங்க வச்ச ஏற்பாடு அது.

எங்க தொழில் பாஷையில சொன்னா, பென் டிரைவ் டைமர்ல ஓடுது. மேளம் கண் பார்த்து ஓடுது.

பட்டாபிராம்ல சொந்தக்காரங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மேளம் வைக்கல. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், போன்ல மங்கள இசை. அடுப்புல பால் பொங்கி வருது, எல்லாரும் கை கூப்பி நிக்கிறாங்க. சரியா அந்த நேரம் பாட்டு நின்னு, கடன் வேணுமா கடன்னு ஒரு விளம்பரம் ஓடுது! புது வீட்டுக்குள்ள முதல் முதலா கேட்ட பேச்சு அதுதான். எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கல.

மெஷினை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போனா நியாயம் இல்ல. என் கதையையும் சொல்லிடுறேன். நான் வாசிக்க ஆரம்பிச்சு ஆறேழு மாசம் ஆன சமயம். திருநின்றவூர் பக்கம் ஒரு கல்யாணம். முதல் தவில் அண்ணன் எழுந்து வெளிய போயிருந்தார். "ரெண்டு நிமிஷம் பார்த்துக்கடா"ன்னு சொல்லிட்டுத்தான் போனார். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்குன்னு நான் ஆபீஸ் மெசேஜ் பார்த்துக்கிட்டிருந்தேன். நல்ல நேரம் முடியப் போகுதுன்னு ஐயர் சீக்கிரமா நடத்திட்டார். எனக்கும் மணவறைக்கும் நடுவுல போட்டோகிராபர், வீடியோகிராபர், அவங்க லைட்டு பிடிக்கிற தம்பின்னு ஒரு சுவரே நிக்குது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு சத்தம் கேட்டு நான் கழியை எடுக்கறதுக்குள்ள மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டுட்டார். என் தவில் எழும்பினது நாத்தனார் ரெண்டாவது முடிச்சுப் போடறப்ப. நாதஸ்வரம் மட்டும் தனியா கத்திக்கிட்டு இருந்தது.

அந்த வீட்டுல யாரும் எதுவும் சொல்லல. கூட்டத்துல ஒரு தாத்தா மட்டும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். சாப்பிடறப்ப எங்க ஆசான் ரொம்ப மெதுவா சொன்னார்: "தாலிக்கு ரெண்டாந்தடவை கிடையாது தம்பி." அந்த வீடியோவை அவங்க எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அந்த முதல் முடிச்சு தவில் இல்லாமத்தான் விழும். அன்னிலேருந்து வாசிக்கப் போனா என் போன் வண்டி டிக்கியில இருக்கும்.

அதனாலதான் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல கேக்குறது: மணவறை எங்க, நாங்க எங்க? மேளத்துக்கு இடம் மணவறைக்குப் பக்கவாட்டுல, ஐயரோட கையும் மாப்பிள்ளையோட கையும் தெரியற மாதிரி இருக்கணும். நிறைய மண்டபத்துல மேடைக்குக் கீழ, தூணுக்குப் பின்னாடி, இல்லைன்னா வாசல்ல வரவேற்புப் பொம்மை மாதிரி உக்கார வச்சுடுறாங்க. அங்கேருந்து மைக் வழியா சத்தம் போகும், ஆனா கண்ணு போகாது. அது ஏறக்குறைய பென் டிரைவ்தான். போட்டோகிராபர்கிட்ட முன்னாடியே "தாலி கட்டுறப்ப இந்தப் பக்கம் மறைக்காதீங்க"ன்னு வீட்டுக்காரங்க சொல்லணும். நாங்க சொன்னா எடுபடாது. அதோட, வீட்டுல ஒருத்தரை எங்களுக்குப் பேச்சுத் துணையா நிறுத்துங்க. தாய்மாமா, பெரியப்பா பையன், யாரா இருந்தாலும் சரி. ஐயர் திடீர்னு அவசரப்படுத்தினா அவர் எங்களுக்குக் கண் காட்டணும்.

என்ன வாசிக்கிறது? காலையில பூபாளம், பௌளி மாதிரி ராகங்கள். ஊர்வலத்துக்குக் கம்பீர நாட்டையில மல்லாரி, சுவாமி புறப்பாட்டுல கேக்குறோமே அதேதான். அதுக்குச் சாகித்யம் கிடையாது, நாதஸ்வரமும் தவிலும் மட்டுமே பேசுற இசை. ஊஞ்சலுக்கு லாலி. முடிவுல மத்தியமாவதி. முகாரி மாதிரி சோக ராகத்தை விசேஷ வீட்டுல தொடமாட்டோம். எங்க மூத்த வித்வான் காலை விசேஷத்துல முத்துசுவாமி தீட்சிதரோட 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' இல்லாம இருக்கமாட்டார். நம்ம அம்பத்தூர், ஆவடி வழியா போற ரயில்ல ஏறினா இறங்குற அதே திருத்தணியில, தீட்சிதர் முருகன் சந்நிதியில பாடின முதல் கீர்த்தனை அது. ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு கத்துக்கப் போற எந்தக் குழந்தைக்கும் முதல்ல சொல்லிக் கொடுக்கிற ராகம். 'குருகுஹ' முத்திரை எல்லாம் அங்கேருந்துதான் தொடங்குது.

சினிமாப் பாட்டு கேட்டா? ரிசப்ஷன்ல தாராளமா கேளுங்க, வாசிப்போம். முருகன் அடியார் வீடுன்னா ஒரு பாட்டு கேக்காம விடமாட்டாங்க: 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துல காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் எஸ். ஜானகி குரலும் போட்டி போடற 'சிங்கார வேலனே தேவா'. திருச்செந்தூர் முருகன் மேல பாடினது. ஆபேரி. கேக்க எல்லாருக்கும் ஆசை. வாசிக்கிறவருக்கு மூச்சு முட்டும். அதை நலங்கு முடிஞ்சு எல்லாரும் நிதானமா உக்காந்ததுக்கு அப்புறம் கேளுங்க. மாப்பிள்ளை காசி யாத்திரை கிளம்பிட்டிருக்கறப்ப துண்டுச் சீட்டு அனுப்பாதீங்க.

கோயில்ல கல்யாணம் வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. குன்றத்தூர் மலை, வடபழனி, திருத்தணின்னு நம்ம பக்கம் முருகன் சந்நிதியில கல்யாணம் பண்ணணும்னு வேண்டிக்கிறவங்க நிறைய. வெளிய மேளம் பேசுறதுக்கு முன்னாடி கோயில் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. அங்கேயே நாதஸ்வர வித்வான் இருந்தா அவருக்குத்தான் முதல் உரிமை, அதைத் தாண்டிப் போகக்கூடாது. பெரிய முகூர்த்த நாள்ல பக்கத்துப் பக்கத்துல நாலு ஜோடி உக்காந்திருக்கும். ஒரு தடவை பக்கத்து ஐயர் "கெட்டிமேளம்"னு சொன்னதுக்கு நாங்க வாசிச்சுட்டோம். எங்க மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கையில எடுத்துட்டார், பாவம். இதனாலதான் சத்தத்தை நம்பாதே, கண்ணை நம்புன்னு எங்க ஆசான் சொல்லுவார்.

கோயில்கள்லயே இப்ப தீபாராதனைக்கு மோட்டார் வச்ச மேளம் வந்துடுச்சு. சுவிட்ச் போட்டா முரசும் மணியும் தானா அடிக்கும். சின்னக் கோயில்ல ஆளே இல்லாதப்ப வேற வழியில்ல, புரியுது. ஆனா கந்தசஷ்டி முடிஞ்ச மறுநாள் தெய்வானை திருக்கல்யாணத்துல நிஜ மேளத்தோட மாங்கல்யதாரணம் பார்த்துட்டு, அடுத்த நாள் அந்த மோட்டார் சத்தத்தையும் கேட்டுப் பாருங்க. வித்தியாசம் நான் சொல்லத் தேவையில்ல.

காசு பத்தியும் பேசிடறேன். ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கிடையாது. மத்த மாசங்கள்லயும் முகூர்த்த நாள் எண்ணி சில நாள்தான். எல்லா வீடும் அதே நாளைத்தான் கேக்கும். ஒரு மேளக்காரர் அந்த நாள்கள்ல சம்பாதிக்கறதை வச்சுத்தான் வருஷம் முழுக்க ஓட்டணும். அதனால பேரம் பேசுறதா இருந்தா முதல் நாளே பேசி முடிச்சுடுங்க. எத்தனை பேர், ராத்திரி அழைப்பு உண்டா, ரிசப்ஷன் உண்டா, வண்டிச் செலவு யாரோடது, எல்லாத்தையும். விசேஷம் முடிஞ்சு, தாம்பூலத் தட்டுல வைக்கிறப்ப "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க"ன்னு சொல்றது ரொம்பக் கஷ்டமா இருக்கும். நான் சம்பளக்காரன், எனக்கு ஓடிடும். பக்கத்துல உக்காந்திருக்கிற நாதஸ்வர அண்ணனுக்கு அதுதான் ஸ்கூல் ஃபீஸ்.

இதைச் சொல்லும்போது எங்க அப்பாவைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. எங்க தாத்தா திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமத்துல தவில் வாசிச்சவர். அப்பா சின்னப் பையனா அவர் கூடத் தாளம் போடப் போவார். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துல விடியற்காலையிலேருந்து வாசிச்சுட்டு, மூணு பந்தி முடியற வரைக்கும் காத்திருக்க வச்சு, கடைசியில சமையற்கட்டுக்குப் பின்னாடி தரையில இலை போட்டிருக்காங்க. தாத்தா ஒண்ணும் பேசாம சாப்பிட்டிருக்கார். அப்பாவுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அன்னிக்குத் தாளத்தைக் கீழ வச்சவர்தான். ஐடிஐ படிச்சு, ஆவடி டாங்க் பேக்டரியில வேலைக்குச் சேர்ந்து, வீட்டுல தவில் பேச்சையே எடுக்கமாட்டார்.

இது எங்க தாத்தா ஒருத்தரோட கதை இல்லைன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சட்டை போடாம, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, மணிக்கணக்கா நின்னுக்கிட்டே வாசிக்கணும்ங்கிற நிலைமையில எத்தனையோ மேதைகள் இருந்திருக்காங்க. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதை உடைச்சவர். கிராப்பு வச்சு, ஷெர்வானி போட்டு, மேடையில உக்காந்து வாசிச்சார். தோடின்னா இன்னிக்கும் அவர் பேர்தான் முதல்ல வரும். அவருக்குக் கொடுத்த மரியாதையை மண்டபத்து மேளக்காரருக்கு நாம இன்னும் முழுசா கொடுக்கல. அவங்களை முதல் பந்தியிலயே உக்கார வைக்க ஒரு பைசா செலவு கிடையாது. முகூர்த்தம் முடிஞ்ச உடனே நாலு இலையைத் தனியா பிடிச்சு வைக்கச் சொன்னா போதும்.

நான் இருபத்தி நாலு வயசுல தவில் கத்துக்கப் போறேன்னு சொன்னப்ப அப்பா ரெண்டு மாசம் சரியா பேசல. திருமுல்லைவாயல்ல ஆசான் வீடு. முதல் ஆறு மாசம் மரக்கட்டையில கழியால தட்டினதுதான் பாடம். (இப்ப கத்துக்க நினைக்கிற தம்பிகளுக்கு: மாவட்ட அரசு இசைப்பள்ளிகள்ல நாதஸ்வரமும் தவிலும் சொல்லித் தர்றாங்க. பழனியில தேவஸ்தானமே இதுக்குப் பள்ளி நடத்துது. வேலைக்குப் போறவங்க என்னை மாதிரி ஒரு ஆசானைத் தேடிப் பிடிக்கணும். வயசு ஆயிடுச்சேன்னு யோசிக்காதீங்க. விரல் வலிக்கும், அவ்வளவுதான்.)

போன வருஷம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அம்பத்தூர்ல சின்ன மண்டபம். புக் பண்ணப் போனப்ப மேனேஜர் டைனிங் ஹால், ஏசி, பார்க்கிங்னு எல்லாம் காட்டிக்கிட்டு வர்றார். அப்பா கேட்ட ஒரே கேள்வி: "மேளக்காரங்களுக்கு எங்க இடம்?" அவர் வாசல் பக்கம் கை காட்டினார். அப்பா மேடையில ஏறி, மணவறைக்கு வலது பக்கம் நின்னு பார்த்தார். அங்க ஒரு பெரிய பூ ஜாடி இருந்தது. "இதை எடுத்துடுங்க"ன்னார்.

விசேஷத்தன்னிக்கு நான் வாசிக்கல, வாசிக்கவும் முடியாது. பிள்ளைங்கதானே கலசத் தண்ணி ஊத்தணும். ஈர வேட்டியோட அம்மாவுக்குப் பின்னாடி நின்னேன். எங்க செட்டு அண்ணன்மார்தான் வாசிச்சாங்க. அப்பா திருமாங்கல்யத்தைக் கையில எடுத்தார். ஐயர் இன்னும் மந்திரம் முடிக்கல. அப்பா ஐயரைப் பார்க்கல, வலது பக்கம் திரும்பி முதல் தவில்காரரைப் பார்த்தார். அவர் கழியைத் தூக்கித் தயாரா இருக்காரான்னு பார்த்துட்டு, தலையை லேசா அசைச்சார். முதல் முடிச்சும் முதல் அடியும் ஒண்ணா விழுந்துச்சு.

அப்புறம் முதல் பந்தியில மேளக்காரங்களுக்கு அவரே ஜாங்கிரி பரிமாறினார். அம்மா "உக்காருங்க, நீங்கதான் மாப்பிள்ளை"ன்னு கத்திக்கிட்டே இருந்தாங்க.

தம்பி, உனக்குத்தான் இதெல்லாம். நாலு பேர் செட்டு போதும், ரெண்டாவது தவிலுக்கு நான் வர்றேன், எனக்குக் காசு வேண்டாம். நாதஸ்வர அண்ணனுக்கு இந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துடு, தை மாசம் அவர் கிடைக்கறது கஷ்டம். உன் மண்டபத்து போட்டோ பார்த்தேன். மேடையில வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர் ஸ்டாண்ட் நிக்குது. அதை நகர்த்தச் சொல்லிட்டு அங்க ஜமக்காளம் போடச் சொல்லு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!